பொன்னுவேல் வீட்டு முறை

கொட்டப்பள்ளத்தில் வீட்டுக்கு இரண்டு போன் இருந்தது. டவர்தான் இல்லை. ஏற்காட்டு மலையில் மாரமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே சறுக்கிச் சறுக்கிப் பள்ளத்துக்குள் போகப் போக, போனில் இருக்கிற கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து ஊர் எல்லையில் மொட்டையாகிவிடும். அதற்கப்புறம் அதில் பாட்டுக் கேட்கலாம், டார்ச் அடிக்கலாம், மணி பார்க்கலாம். யாரையும் கூப்பிட முடியாது. யாரும் கூப்பிடவும் முடியாது. கடன்காரர்கள் விஷயத்தில் இது ஒரு வசதி. வேலை தேடுகிறவனுக்குத்தான் கஷ்டம்.

அதனால் ஜீவானந்தம் எழுதிப்போட்ட பயோடேட்டாக்களில் பெயர் அவனுடையது, படிப்பு அவனுடையது, எண்ணெய் வழிகிற போட்டோ அவனுடையது. போன் நம்பர் மட்டும் கிங்ஸ்டனுடையது.

கிங்ஸ்டன் கிளியூர் பக்கத்து எஸ்டேட்டில் பழத்தை எடை போட்டுக் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருக்கும் லூர்துராஜின் மகன். இரண்டு பேரும் சேலத்தில் ஒரே கல்லூரியில் எம்.காம். ஒரே பஸ்ஸில் இறங்கி, ஒரே பஸ்ஸில் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒருவன் தோளில் ஒருவன் தூங்கி வழிந்து வளர்ந்த சிநேகம். ஜீவாவைத் தேடி எங்கிருந்தாவது போன் வந்தால் கிங்ஸ்டன் எடுத்து, "சார், அவர் மீட்டிங்ல இருக்காருங்க" என்பான். காப்பிக்காட்டில் மூட்டை சுமப்பதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது ஜீவாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கொட்டப்பள்ளத்தில் எம்.காம். வரை போன முதல் ஆள் ஜீவாதான். இரண்டாவது ஆள் இன்னும் கிளம்பாததற்கும் தானே காரணம் என்று அவன் சொல்லிக்கொள்வான். அவனைப் பார்த்தால் எந்தத் தகப்பனுக்குத்தான் மகனைப் படிக்கவைக்கத் தோன்றும்? பதினோரு இடத்துக்கு எழுதிப்போட்டான். சில இடத்தில் அனுபவம் கேட்டார்கள். சில இடத்தில் சொந்தமாக டூவீலர் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒரு பைனான்ஸ் கம்பெனியில் மட்டும், "சத்தமாத் திட்டத் தெரியுமா தம்பி?" என்று அன்பாக விசாரித்தார்கள்.

பன்னிரண்டாவதாக வந்ததுதான் சேலம் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்து ஆடிட்டர் ஆபீஸ். நேரில் கூப்பிட்டு, ஜி.எஸ்.டி. கணக்கு ஒன்றைப் போடச் சொல்லிப் பார்த்தார் ஆடிட்டர். ஜீவா போட்டான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பரவால்லயே. ஒரு வாரத்துல போன் பண்றேன். பண்ணுனா மறுநாளே வந்து உக்காரணும், சரியா?" என்றார். கடைசி செமஸ்டருக்கு வகுப்பு கிடையாது, புராஜெக்ட் மட்டும்தான். வேலையும் பார்க்கலாம், படிப்பையும் முடிக்கலாம். அப்பா திருப்பூரில் ஒரு மில்லில் வாட்ச்மேன். அவர் அனுப்புகிற பணம் கைக்கு வருவதற்கு முன்பே செலவாகிவிடும். போன செமஸ்டர் பரீட்சைப் பணத்தைக் கிங்ஸ்டன்தான் கட்டியிருந்தான், சீசனில் கேக் கடையில் நின்று சேர்த்த காசில். இந்த வேலை கிடைத்தால் அதைத் திருப்பிக் கொடுக்கலாம். சொந்தக் காட்டுப் பழம் முடிந்ததும் எஸ்டேட் எஸ்டேட்டாகக் கூலிப் பறிக்கு ஓடுகிற அம்மாவை இந்த வருசமாவது உட்காரவைக்கலாம். ஜீவா எல்லாவற்றையும் கேலி செய்வான்; இந்த ஒரு வேலையை மட்டும் கேலி செய்யவில்லை. கேலி செய்தால் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

அது கார்த்திகை. காப்பிப் பழம் சிவந்து குலுங்குகிற காலம். கொட்டப்பள்ளத்தில் பழம் பறிக்கக் கூலிக்கு ஆள் வைக்கிற வழக்கம் இல்லை, வைக்கக் காசும் இல்லை. ஒரு வீட்டுக் காட்டுக்கு மற்ற வீட்டு ஆட்கள் வந்து பறித்துக்கொடுப்பார்கள். எத்தனை ஆள் எத்தனை நாள் வந்தார்களோ, அத்தனை ஆள் அத்தனை நாள் திரும்பப் போய்ப் பறிக்க வேண்டும். அதற்கு 'முறை' என்று பெயர். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. காய்ச்சல், சாவு, கல்யாணம் என்றால் இன்னொரு நாளைக்குத் தள்ளிக்கொள்ளலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், முறை எங்கும் போய்விடாது. ஆனால் ஒருவர் முறையையே திரும்பத் திரும்பத் தள்ளினால், அடுத்த வருசம் அந்த வீட்டுக் காட்டுக்கு ஆள் வராது. பழம் செடியிலேயே கறுத்து உதிரும்.

பொன்னுவேல் வீட்டிலிருந்து சீசன் ஆரம்பத்திலேயே ஒரு தடவை வந்து பறித்துக்கொடுத்திருந்தார்கள்; இப்போது மறுபடியும் மூன்று நாளாக மூன்று ஆள் ஜீவாவின் காட்டில் பறித்தார்கள். அவர் வீட்டு முறையை ஜீவா ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளியிருந்தான். முதல் தடவை பரீட்சைக்காக. இரண்டாவது தடவை அந்த ஆடிட்டரைப் பார்க்கப் போனதற்காக. நாளைக்கு என்று மூன்றாவது தடவையாகச் சொல்லியிருந்தது.

அன்றைக்குக் காலையிலிருந்தே மூடுபனி. பக்கத்துச் செடியில் பறிக்கிறவரின் இருமல்தான் கேட்டது, ஆள் தெரியவில்லை. இலையில் தேங்கிய தண்ணீர் சட்டைக்குள் இறங்கி முதுகு நனைந்துவிட்டது.

"ஏனுங் ஆபீசரே" என்றார் பனிக்குள்ளிருந்து பொன்னுவேல். "பழத்தப் பறிக்கச் சொன்னா தடவிக் குடுத்துட்டு நிக்கறீங்களாட்ட இருக்குது?"

"தேய்மானக் கணக்குப் போட்டுட்டு இருக்கேனுங் மாமா."

"எதுக்கு?"

"என்ற முதுகுக்குத்தான்."

பொன்னுவேலின் மனைவி குப்பாயி சிரித்தாள். "பதினேழு வருசம் படிச்சுப்போட்டு மூட்டை தூக்கறதுக்கு, மூணாங் கிளாசோட நின்னுருந்தா முதுகாச்சும் பழகியிருக்கும் கண்ணு."

"அதையேதான் இன்டர்வியூலயும் சொல்றாங்க அத்தை. அனுபவம் பத்தலையாம்."

"நாளைக்காச்சும் நம்ம காட்டுக்கு வருவீங்களா, இல்ல நாளைக்கும் பரீட்சையா?" பொன்னுவேல் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார். "மழை வர்றாப்பல இருக்குது சாமி. மேக்காட்டுல பாதி கறுத்துப்போச்சு. என்ற இடுப்புக்கு மூட்டை தூக்கி மேடேற முடியாது. நீ வந்தாத்தான் ஆச்சு."

"வர்றேனுங் மாமா. இந்தத் தடவ பொய்யில்ல."

மத்தியானம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரோட்டு மேட்டுக்கு ஏறினான். ஏற்காட்டு வியாபாரியின் வண்டி அங்கேதான் நிற்கும். எடை போட்டு இறக்கிவிட்டுத் திரும்பி வந்தபோது, காட்டோரத்தில் லூர்துராஜின் பழைய பைக் நின்றது. கல்லடுப்பில் களி கொதித்துக்கொண்டிருக்க, அம்மா காளியாயியும் கிங்ஸ்டனும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜீவாவைப் பார்த்ததும் காளியாயி களி கிண்டும் துடுப்பைக் கையில் எடுத்தாள்.

"என்னடா இந்தப் பனில?" என்றான் ஜீவா. "போன் வந்துச்சா?"

கிங்ஸ்டன் அடுப்பைப் பார்த்தான். "இல்லடா."

"பின்ன?"

"சும்மாதான். பார்த்து நாளாச்சேன்னு."

"பெட்ரோல் போட்டுட்டு சும்மா வர்ற அளவுக்குப் பணக்காரன் ஆயிட்டியா?"

"உக்காரு கண்ணு, சாப்புடு" என்று காளியாயி நடுவில் புகுந்தாள். சூடான ராகிக்களியை உருட்டித் தட்டில் போட்டு, நடுவில் குழித்து அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றினாள். கிங்ஸ்டன் எப்போது வந்தாலும் இரண்டு உருண்டை கேட்டு வாங்குவான்; "எங்கூட்ல அரிசிச்சோறு தின்னு நாக்குச் செத்துப்போச்சும்மா" என்பான். அன்றைக்குப் பாதியிலேயே கையைக் கழுவினான்.

"ஏன்டா, குழம்புல உப்பில்லயா?"

"வயிறு சரியில்லடா." கொஞ்ச நேரம் ஜீவாவின் பக்கத்தில் நின்று பழம் பறித்தான். காம்போடு பிய்த்தான். குப்பாயி திட்டினாள். "ரைட்டர் ஊட்டுப் பையனுக்கு எடை போடத்தான் தெரியும், பறிக்கத் தெரியுமா?" என்றார் பொன்னுவேல். வழக்கமாக இதற்கெல்லாம் பதில் வைத்திருப்பவன், அடுத்த பழத்தையும் காம்போடு பிய்த்துக் கூடையில் போட்டான். பொழுது சாய்வதற்குள் டவுனுக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டான். போகும்போது காளியாயி மேடு வரைக்கும் கூடவே போனாள்.

மறுநாள் பொன்னுவேலின் மேக்காட்டில் ஜீவா முதுகு ஒடிய மூட்டை சுமந்தான். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அதற்குள் மேக்காட்டுப் பழம் எல்லாம் இறங்கியிருந்தது. பொன்னுவேல் அவன் தோளைத் தட்டி, "உன்னால பொழச்சேன் சாமி" என்றார். இப்படி ஒரு சான்றிதழை பயோடேட்டாவில் எந்த இடத்தில் எழுதுவது என்று யோசித்தான்.

ஆடிட்டர் சொன்ன ஒரு வாரம் கழிந்து, இன்னொரு வாரமும் ஆகப்போனது. மழையில் பாதை வழுக்கியது. கிங்ஸ்டன் வரவில்லை. மாரமங்கலம் மேட்டில் நின்று போட்டால் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வயிறு இன்னும் சரியாகவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டான். மழை விட்ட அன்று, வருகிறது வரட்டும், நேரிலேயே போய்க் கேட்டுவிடலாம் என்று காலைப் பஸ் பிடித்தான்.

ஆபீஸ் வாசலில் சசிரேகா என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். போன தடவை அவனுக்குத் தண்ணீர் கொடுத்தவள்.

"ஜீவானந்தம்... ஏற்காடுதானுங்க நீங்க?" என்றாள். "ஏனுங்க, நல்ல வேலைய இப்பிடி விட்டுப்புட்டீங்களே."

"விட்டனா?"

"சார் போன் பண்ணி நாளைக்கு வாங்கன்னாரு. சாயங்காலம் திருப்பிப் போன் வருது, ரெண்டு மூணு நாள் கழிச்சு வர்றீங்கன்னு. ரிட்டர்ன் போடற நேரமுங்க, சாருக்கு வந்துச்சு பாருங்க கோவம். அப்பறம் உங்க கிளாஸ்மேட்டே வந்து சேர்ந்துட்டாருல்ல, அதான் நல்லதாப்போச்சு."

அவள் கை காட்டிய பக்கம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்புறம் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு முதுகு தெரிந்தது. இருபது வளைவிலும் சாய்ந்து தூங்கிய தோள். அடையாளம் தெரியாமல் போகுமா?

டீக்கடையில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். கிங்ஸ்டன் இரண்டு டீ சொன்னான்.

"எப்பப் போன் வந்துச்சு?"

"உங்க காட்டுக்கு வந்தேனே, அன்னிக்குக் காலைல."

"நான் கேட்டனே. இல்லைன்னியே."

"ஆமா."

"ரெண்டு மூணு நாள் கழிச்சு வர்றேன்னு நான் சொன்னதா நீ சொன்னியா?"

கிங்ஸ்டன் டீயைக் கையில் வாங்கிக்கொண்டான். "ஆமா. சொன்னேன். அவரு, அப்ப வேற ஆள் பாத்துக்கறேன்னாரு. நான் வரட்டுங்களான்னு கேட்டேன். வரச் சொன்னாரு. அவ்வளவுதான்டா."

"அவ்வளவுதானா? நான் என்னமோ பெரிசா ஏதோ பண்ணிட்டியோன்னு பயந்துட்டேன்."

"எஸ்டேட்ட வித்துட்டாங்க ஜீவா. ரிசார்ட் வருதாம். கிறிஸ்மஸ் வரைக்கும் ஊட்டுல இருந்துக்கங்க, அப்பறம் காலி பண்ணிருங்கன்னுட்டாங்க. அப்பாவுக்கு இந்த வயசுல ஆரு ரைட்டர் வேலை குடுப்பா? தங்கச்சி ஃபெபிக்கு நர்சிங் இன்னும் ரெண்டு வருசம் இருக்குது. உனக்காச்சும் காடு இருக்குது. போனாக் களி இருக்குது."

"இதைய எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ ஜோக் அடிப்ப."

அது ஜீவாவுக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மையாக இருந்ததால் இன்னும் ஆழமாகப் போனது. கையில் எது அகப்பட்டதோ அதை எடுத்து வீசினான்.

"பரீட்சைப் பணத்துக்கு வட்டியா எடுத்துக்கிட்டியாடா? கேட்டிருந்தா அசலையே குடுத்திருப்பனே. ம்... ரத்தம் எங்க போகும்? உங்கப்பன் தராசுல அடிச்சான், நீ போன்ல அடிக்கற."

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். லூர்துராஜ் எடை போட்டால் ஒரு கிலோ பழம் ஒரு கிலோதான். அந்த மலையில் பறிக்குப் போகிற பெண்கள் எல்லாருக்கும் அது தெரியும். ஜீவாவின் அம்மா அவரிடம் பத்து வருசம் எடை போட்டவள். ஜீவாவுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

கிங்ஸ்டன் ஒரு அடி பின்னால் போனான். டம்ளரைக் கீழே வைத்தான். டீ அப்படியே இருந்தது.

"என்னைய என்ன வேணாலும் சொல்லு. அப்பாவச் சொல்லாத."

இரண்டு டீக்கும் காசு கொடுத்தான். ரோட்டைத் தாண்டப் போனவன் நின்று திரும்பினான். "உங்கம்மா..." என்று ஆரம்பித்தான். லாரி ஒன்று நடுவில் வந்து போனது. "உங்கம்மாவக் கேட்டேன்னு சொல்லு" என்றுவிட்டுப் போய்விட்டான்.

மலையேறுகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் தக்காளிக்கூடையோடு ஒரு ஆள். ஒவ்வொரு வளைவிலும் கூடை ஜீவாவின் மேல் சாய்ந்தது. நகர்த்தச் சொல்லவில்லை. தான் சொன்னது சரி, கொஞ்சம் குறைவாகத்தான் சொன்னோம் என்று வளைவுக்கு வளைவு தனக்கே சொல்லிக்கொண்டு வந்தான். சொல்லச் சொல்ல அதில் கொஞ்சம் சுகம்கூட இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது இன்னும் வெளிச்சம் மிச்சம் இருந்தது. காளியாயி அவனுடைய வெள்ளைச் சட்டையைத் துவைத்து, மழையில் காயாததை அடுப்புச் சூட்டில் காட்டி உலர்த்திக்கொண்டிருந்தாள். முகம் அவ்வளவு தெளிவாக இருந்து அவன் பார்த்து நாளாகியிருந்தது.

"வந்துட்டியா சாமி? காலேசுக்கா போயிருந்த? குப்பாயி இப்பத்தான் வந்துட்டுப் போறா. மழையில இழுத்துட்டுப் போனாலும், நான் போயிப் பறிச்சதோட நம்ம மொறை எல்லாம் தீந்துபோச்சு, இனி ஆரு ஊட்டுக்கும் நாம ஒரு ஆள்கூடப் பாக்கி இல்ல." சட்டையைத் திருப்பிப் போட்டாள். "நாளைக்கு நீ அந்த ஆபீசுக்குப் போயிரு."

"எந்த ஆபீசுக்கு?"

"கிங்ஸ்டன் கண்ணு இன்னுமா சொல்லல? பழம் முடிஞ்சதும் சொல்லிப்போடுன்னு சொல்லியிருந்தனே." காளியாயி லேசாகச் சிரித்தாள், ஒளித்து வைத்திருந்த பலகாரத்தை எடுத்துத் தருகிறவள்போல. "உனக்கு வேலை ஆயிருச்சு சாமி. அன்னிக்குக் காட்டுக்கு வந்துச்சே, அதைச் சொல்லத்தான் வந்துச்சு. நாளைக்கே வரச் சொல்றாங்கன்னுச்சு. நாந்தான் சொல்ல வேண்டான்னேன்."

ஜீவா கதவைப் பிடித்துக்கொண்டான்.

"சொன்னா நீ நிப்பியா? ஓடியிருப்ப. பொன்னுவேலு அண்ணனை ரெண்டு தடவ தள்ளியாச்சு. மூணாந்தடவயும் தள்ளுனா அந்த மனுசன் மொகத்துல எப்பிடி முழிக்கறது? பழம் கறுத்துக் கெடக்குது, மழை வேற. அந்த ஆபீஸ்காரரை நாம இன்னும் ஒரு தடவகூடத் தள்ளலயே. அதான், ரெண்டு மூணு நாள் கழிச்சு வருவான்னு போன் பண்ணிச் சொல்லிப்போடு கண்ணுன்னேன். அது கேக்கவே இல்ல. 'அவங்க அப்பிடியெல்லாம் இருக்க மாட்டாங்கம்மா, அவன்கிட்டச் சொல்லிறலாம்'னு அழுவாத கொறை. மேட்டு வரைக்கும் போயி, என்ற தலைல அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் உட்டேன்." அவன் முகத்தைப் பார்த்தாள். "ஏன் சாமி, கோவமா?"

"இல்லம்மா."

"அப்பறம் ஏன் ஒரு மாதிரி நிக்கற?"

"அங்க வேற ஆள் சேந்தாச்சும்மா."

காளியாயியின் கை சட்டைமேல் நின்றது. சட்டையின் காலரை நீவிவிட்டாள்.

"ஆரோ நம்மளவிட அவசரத்துல இருக்கறவங்களா இருக்கும். போவட்டும்" என்றாள். "அப்ப அடுத்த மொறை நமக்குத்தானே சாமி?"

ஜீவா கதவை விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"ஆமாம்மா" என்றான். "நமக்குத்தான்."

காளியாயி சட்டையை மடித்துப் பெட்டிமேல் வைத்துவிட்டு, களிக்கு உலை வைக்கப் போனாள்.